மாட்டிக்கும்... தாங்குமா?

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு, நடன அரங்கேற்றத்துக்கு, புதிதாகத் திறந்த ஓட்டலின் பிரியாணிக்குக்கூட எழுதுகிறோம். ஒரு பிளேட் பஜ்ஜி விலையில் கிடைத்து, வீட்டில் உள்ள அத்தனை பேர் உயிரையும் தினம் கையில் வைத்திருக்கிற அடாப்டருக்கு எழுத ஆளில்லை. இந்த வாரம் அதற்கு.

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் வேப்பந்தட்டை. மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பூமி. பருத்திக்கென்றே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. கிணற்று மோட்டார், தீவனம் நறுக்கும் மெஷின், வெல்டிங் பட்டறை, மாவு கிரைண்டர் என்று சென்னை ஃப்ளாட்டைவிட அதிகமாகக் கரன்ட் இழுக்கும் சாமான்கள் இம்மாதிரி ஊர்களில்தான். எலக்ட்ரிகல் கடை வாசலில் கன்வர்ட்டர், மல்டி ப்ளக், பல்ப் ஹோல்டரில் செருகி ப்ளக் பாயின்ட் எடுக்கிற சமாசாரம் எல்லாம் தோரணமாகத் தொங்கும். கடைக்காரரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று.

"அண்ணே, இது அதுல மாட்டுமா?"

"மாட்டிக்கும் தம்பி, எடுத்துட்டுப் போ."

பதில் உண்மைதான். கேள்விதான் தப்பு. 'தாங்குமா?' என்று கேட்டிருக்க வேண்டும்.

நம் ப்ளக்கின் ஜாதகம் இங்கிலாந்தில் எழுதியது. 1934-ல் வந்த பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தரம். உருண்டைக் கால்கள், வேலைக்குத் தக்க சைஸ்கள். 1947-ல் அவர்கள் ப்ளக்குக்குள்ளேயே ஃப்யூஸ் வைத்த சதுரக்கால் 13 ஆம்பியருக்குத் தாவினார்கள். அதே வருஷம் சுதந்திரம் வாங்கிய நாம் ப்ளக்கை மட்டும் விடவில்லை. நம் ஐ.எஸ். 1293 தரத்திலும் அதே உருண்டைக் கால்கள்தான். சின்னது 6 ஆம்பியர், பெரியது 16. பழைய ஆட்கள் இன்னும் 5, 15 என்பார்கள்.

பழசு என்பதற்காக மட்டமில்லை. சின்ன ப்ளக்கின் மின்சாரக் கால் சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன், பெரியதில் 7. பெரியது சின்ன ஓட்டையில் நுழையாது. நுழையக் கூடாது என்றே அப்படிச் செய்தார்கள். எர்த் கால் மற்ற இரண்டையும்விட நீளம். உள்ளே போகும்போது முதலில் தொடும், வெளியே வரும்போது கடைசியில் விடும். திண்ணையில் உட்கார்ந்து 'யாருப்பா, என்ன வேலையா வந்தே?' என்று கேட்கிற தாத்தா மாதிரி ஒரு டிசைன். அடாப்டர் அந்தத் தாத்தாவைத் தாண்டிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போகிறது.

கணக்கைப் பாருங்கள். 230 வோல்ட், 6 ஆம்பியர்: பெருக்கினால் 1,380 வாட்ஸ். 1,500 வாட்ஸ் ஹீட்டர் ராடே அதைத் தாண்டிவிடுகிறது. 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். கரன்ட் ஒன்றரை மடங்கானால் இணைப்பில் சூடு இரண்டேகால் மடங்கு, வர்க்கக் கணக்கு. தொளதொளவென்ற கன்வர்ட்டராக இருந்தால் சூடு இன்னும் கூடும். பிளாஸ்டிக் பழுப்பாகும், வாசனை வரும், அப்புறம் புகை. 'எம்.சி.பி. இருக்கே சார்?' என்பீர்கள். எம்.சி.பி. பார்ப்பது கரன்ட் எவ்வளவு போகிறது என்பதை. இணைப்பு லூஸாகிக் கொதிப்பது அதற்குத் தெரியாது; 16 ஆம்பியர் எம்.சி.பி. 9 ஆம்பியரைப் பார்த்து ஏன் பதற வேண்டும்?

அடுத்த மோசடி மூன்றாவது கால். மலிவு அடாப்டர்கள் பலவற்றில் எர்த் கால் வெறும் பிளாஸ்டிக். சாக்கெட்டின் உள்கதவைத் திறக்க மட்டும் உதவும். பார்வைக்கு மூன்று, வேலைக்கு இரண்டு. செல்போன் சார்ஜருக்குப் பாதகமில்லை. மாட்டுக் கொட்டகையில், ஈரத் தரையில், வெறுங்காலுடன் நின்று தீவனம் நறுக்குகிற இரும்பு மெஷினுக்கு இதைப் போட்டால், உள்ளே ஒரு ஒயர் உரசி பாடியில் பட்ட அன்றைக்குக் கரன்ட் பூமிக்குப் போக ஒரே வழி, அதைத் தொட்டவர்தான்.

ஆனால் எல்லா ரெண்டு பின்னும் குற்றவாளி இல்லை. டிரில்லிங் மெஷினின் லேபிளைப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் இரட்டை இன்சுலேஷன். அதற்கு எர்த் வேண்டாம். அந்தப் படம் இல்லாத, உலோக உடம்புக்காரனுக்கு எர்த் கட்டாயம்.

மின்சாரத்தை விட்டாலும் அடாப்டர் விடாது. வெல்டிங் பட்டறையில் 4 அங்குலக் கிரைண்டர். அதன் டிஸ்க்கின் நடு ஓட்டை 16 மில்லிமீட்டர். 7 அங்குல டிஸ்க்கின் ஓட்டை 22.23. இடைவெளியை நிரப்ப ஒரு சின்ன வளையம், புஷ், கடையில் கிடைக்கிறது. ஒரே சைஸ் டிஸ்க்கை ஓட்டை வித்தியாசத்துக்காகப் பொருத்தச் செய்த சாமான். அதை வைத்து, தடுப்பு மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய டிஸ்க்கைச் சின்ன மெஷினில் மாட்டுகிறார்கள். சின்ன மெஷின் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று. 7 அங்குல டிஸ்க்கில் பெரும்பாலும் 8,500 சுற்றுக்கு மேல் கூடாது என்று அச்சிட்டிருக்கும். 11,000-ல் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் போகும். டிஸ்க் உடைந்தால் துண்டு எங்கே வரும் என்பது மூடியைக் கழற்றியவர் முகத்துக்குத் தெரியும். அந்த மூடிதான் 'இந்த சைஸுக்கு மேல் வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கைக் கருவியிலும் அதே கதைதான், சத்தம் மட்டும் குறைவு. சாக்கெட் ஸ்பேனரில் அரை அங்குலச் சதுரத்திலிருந்து கால் அங்குலத்துக்கு இறக்கும் அடாப்டர் போடுகிறீர்கள். அகலம் பாதியானால் முறுக்கைத் தாங்கும் பலம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். அதில் பைப்பைச் செருகித் தொங்கினால் உடைவது நட்டு இல்லை. உங்கள் முழங்கை சுவரில் போய் இடிக்கும்.

சிங்கப்பூர், துபாயிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் சாமானில் சதுரக்கால் ப்ளக். அங்கேயும் 230 வோல்ட்தான், வடிவம் மட்டும் வேறு. எர்த் உள்ள நல்ல அடாப்டர் போதும். அமெரிக்காவிலிருந்து வருகிற டிரில்லுக்கு அது போதாது. அங்கே 120 வோல்ட். டிராவல் அடாப்டர் காலை மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இங்கே செருகி ஸ்விட்ச் போட்டால் ஒரு நிமிஷ வாண வேடிக்கை.

பக்கத்து இலங்கை 2017-ல் ஒரு முடிவெடுத்தது: இனி நாட்டுக்கு ஒரே தரம், 13 ஆம்பியர் சதுரக்கால். பழைய வீடுகள் மாற வருஷங்கள் ஆகும், இருந்தாலும் ஒரு முடிவு. இங்கே ஒரே சுவரில் ரெண்டு சைஸ், கடையில் ஐரோப்பிய மெல்லிய கால்களோடு டிரில், பார்சலில் சீன ப்ளக். எல்லாவற்றையும் சமாளிக்க 'யுனிவர்சல்' சாக்கெட். எதையும் இறுகப் பிடிக்காது என்பதுதான் அதன் சர்வதேசத்தன்மை.

தீர்ப்பு: அடாப்டர் ஒரு விருந்தாளி. ரெண்டு நாள் தங்கலாம், ரேஷன் கார்டில் பேர் சேர்க்கக் கூடாது. தினமும் ஓடுகிற சாமானுக்குப் பொருத்தமான த்ரீ பின் டாப்பை மாற்றுங்கள். இல்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பாயின்ட்டைத் தடித்த ஒயரோடு போடச் சொல்லுங்கள். சாக்கெட்டின் முகத்தை மட்டும் மாற்றிப் பின்னால் பழைய மெல்லிய ஒயரையே விட்டால், அதுவும் ஒரு அடாப்டர்தான், சுவருக்குள் ஒளித்துவைத்தது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போர்டில் இருக்கட்டும். அடாப்டர் வாங்கியே தீர வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை, பித்தளை எர்த் கால், மேலே அச்சிட்ட ஆம்பியர் மூன்றையும் பாருங்கள். பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்துத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் குப்பைக்கு.

அடுத்த தடவை கடையில், "அண்ணே, இது எத்தனை ஆம்பியர் தாங்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் "மாட்டிக்கும் தம்பி" என்றால், அடுத்த கடைக்குப் போங்கள்.