கான்டரெல்: அழுத்தம் காத்ததும் அவசரம் கெடுத்ததும்

எண்ணெய் எடுக்க எடுக்க நிலத்தடியில் அழுத்தம் இறங்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரிந்துவிடும். மிஞ்சிய எண்ணெய் கெட்டிப்பட்டுப் பாறையிலேயே தங்கிவிடும். அதைத் தடுக்கவே வாயுவை உள்ளே செலுத்துகிறார்கள். இம்முறையின் நிறை குறை இரண்டையும் எடைபோட மெக்சிகோவின் கான்டரெல் வயல் நல்ல சான்று.

காம்பெச்சே கடலில் எண்ணெய் மிதப்பதைக் கண்டு சொன்ன மீனவரின் பெயர் தாங்கிய இவ்வயலில் 1979-இல் உற்பத்தி தொடங்கியது. பின்னாளில் அழுத்தம் சரிந்தபோது, அரசு நிறுவனமான பெமெக்ஸ் நைட்ரஜனைத் தேர்ந்தெடுத்தது. காரணம் வலுவானது. இயற்கை வாயுவை விற்றால் காசு; நைட்ரஜனையோ காற்றிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம், அது தீப்பற்றாது, குழாயையும் அரிக்காது. 2000-இல் உட்செலுத்தல் தொடங்கியது. ஆலையின் திறன் நாளுக்கு 120 கோடி கன அடி. பாறையும் ஒத்துழைத்தது. விரிசல் நிறைந்த சுண்ணப்பாறையில் மேலே வாயு சேரச் சேர, எண்ணெய் தன் எடையாலேயே கீழே வடியும். 2004-இல் உற்பத்தி நாளுக்கு 20 லட்சம் பீப்பாயைத் தாண்டியது.

குறையும் அதே இயக்கத்தில்தான் இருக்கிறது. எண்ணெய் குறையக் குறைய வாயுவின் அடிமட்டம் கிணற்றின் துளைகளை நெருங்குகிறது. எண்ணெயைவிட வாயு எளிதில் ஓடும். ஆகவே வேகமாக இறைத்தால் அது கூம்புபோல் கீழிறங்கி முந்திக்கொண்டு கிணற்றுக்குள் புகும். பிறகு அந்தக் கிணற்றைக் கட்டுப்படுத்தவோ மூடவோ வேண்டியதுதான். கான்டரெலில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது: நைட்ரஜன் கலந்த இயற்கை வாயு விற்பனைத் தரத்தை இழந்தது. பிரித்தெடுக்கும் வசதி போதாததால் பெருமளவு வாயு எரிந்தும் காற்றில் கலந்தும் வீணாயிற்று. 2012-இல் உற்பத்தி 5 லட்சம் பீப்பாய்க்கும் கீழே கிடந்தது.

நார்வேயின் ஓசெபர்க் வயலில் செலுத்தியது இயற்கை வாயு. பக்கத்து ட்ரோல் வயலிலிருந்தும் அதைக் கொண்டுவந்தார்கள். விற்பனை தள்ளிப்போகும், முதல் முடங்கும்; ஆனால் எண்ணெய் எடுத்தபின் அந்த வாயுவில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து விற்கலாம். மலிவான நைட்ரஜனுக்கு இந்த இரண்டாம் வரவு கிடையாது.

கான்டரெலின் சரிவுக்கு நைட்ரஜனை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. அது இல்லாதிருந்தால் அழுத்தம் இன்னும் முன்பே விழுந்திருக்கும். செலுத்தும் வாயு புதிதாக ஒரு சொட்டு எண்ணெயையும் உண்டாக்குவதில்லை. இருப்பதை எடுக்கத்தான் துணைசெய்கிறது. கிடைத்த அழுத்தத்தை முழுதும் வேகத்துக்கே செலவழித்தால் உச்சமும் சீக்கிரம் வரும், சரிவும் செங்குத்தாகும். திரும்பி வரும் வாயுவைப் பிரிக்கும் ஆலை தயாராகும் முன் உட்செலுத்தலுக்கு அனுமதி தரக்கூடாது.