டொயின்பியின் ஆறு உரைகள்: பேசப்பட்டவர்கள் எங்கே?

1952 இறுதியில் பீ.பீ.சீ. வானொலியின் ரீத் உரைத்தொடரில் வரலாற்றாசிரியர் ஆர்னல்ட் டொயின்பி ஆறு உரைகள் நிகழ்த்தினார். 'உலகும் மேற்கும்' என்ற பெயரில் அவை 1953இல் நூலாகவும் வந்தன. ரஷ்யா, இஸ்லாம், இந்தியா, தூரகிழக்கு ஆகிய நான்கும் மேற்கை எதிர்கொண்ட கதையை முதல் நான்கு உரைகள் சொல்கின்றன. கடந்த நான்கைந்து நூற்றாண்டுகளில் அடி கொடுத்தது மேற்கு, அடி வாங்கியது உலகம் என்பதே அவருடைய வாதம். சூயெஸ் கால்வாய்ப் பகுதியில் பிரித்தானியப் படை நின்ற காலம் அது. ஈரானிய எண்ணெய்க்காக லண்டன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததும் அப்போதுதான். அந்த நேரத்தில் பிரித்தானிய வானொலியிலேயே இப்படிப் பேசுவது லேசான காரியமல்ல. டக்ளஸ் ஜெரோல்ட் என்பவர் கோபப்பட்டு 1954இல் மறுப்புநூலே எழுதினார்.

நம்மட மேடைகளில் டொயின்பியின் பெயர் வந்தால் கதை இத்தோடு முடிந்துவிடும். வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்டுவிட்டான், பிறகென்ன? ஆனால் ஒத்துக்கொண்டவர் நம்மை எந்த இடத்தில் வைத்துப் பேசினார் என்று யாரும் பார்ப்பதில்லை.

அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. 1921இல் கிரேக்க–துருக்கியப் போரை நேரில் பார்க்கப் போனவர், கிரேக்கப் படைகள் துருக்கியருக்குச் செய்த கொடுமைகளை 'மஞ்செஸ்டர் கார்டியன்' பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். லண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் வகித்த பேராசிரியர் பதவிக்குப் பணம் கொடுத்தவர்களோ கிரேக்கர்கள். அந்தப் பதவியை இழந்தார். மொழிவாரித் தேசியவாதத்தை இஸ்லாமிய உலகம் மேற்கிடமிருந்து கடன் வாங்கியது எவ்வளவு ஆபத்தானது என்று இந்த உரைகளில் அவர் தந்த எச்சரிக்கையும் இன்றுவரை பழசாகவில்லை.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்தாம் உரையில் ஓர் அருமையான கதை வருகிறது. எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மத் அலி பாஷாவுக்குப் போர்க்கப்பல்கள் தேவைப்பட்டன. கட்டுவதற்கு ஐரோப்பிய நிபுணர்களைக் கூப்பிட்டார். குடும்பத்தோடுதான் வருவோம், வைத்தியரும் வேண்டும் என்றார்கள் அவர்கள். வைத்தியர் வந்தார், கப்பற்றளத்தில் ஆஸ்பத்திரி வந்தது. வைத்தியர்களுக்கு நேரம் மிஞ்சியபோது எகிப்தியப் பெண்கள் பிரசவத்துக்கு அங்கே வரத் தொடங்கினார்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வாசலிலே நிறுத்திவைக்க முடியாது, ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டே வரும் என்பதற்கு அவர் காட்டும் சான்று இது. காந்தியின் ராட்டையும் இதே வாதத்துக்குத்தான் வருகிறது.

கதை நல்ல கதைதான். ஆனால் அந்தப் பெண்கள் ஏன் வந்தார்கள்? வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார்கள்? டொயின்பிக்கு அது கேள்வியே அல்ல. அவருக்கு அவர்கள் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. 1832இல் அதே எகிப்தில் பெண்களுக்கென்று மருத்துவிச்சிப் பள்ளி ஒன்று தொடங்கியது. அங்கே படித்து வெளியேறிய எகிப்தியப் பெண்கள் வெறும் கண்ணிகளா?

முஸ்லிம் தரப்பில் அவர் முன்நிறுத்துபவர்கள் பெரும்பாலும் ஆட்சியாளர்கள்: மூன்றாம் செலீம், இரண்டாம் மஹ்மூத், முஹம்மத் அலி, அத்தாதுர்க். மேலிருந்து ஒருவர் ஏற்பார் அல்லது மறுப்பார், கீழே இருப்பவர்களுக்குத் தலைவிதி. ஆனால் மாணவர் குழுவோடு இமாமாக 1826இல் பாரிஸ் போன ரிபாஆ அத்தஹ்தாவி, ஐந்து வருடம் அந்த நகரத்தை உற்றுப் பார்த்து, வியந்ததையும் வெறுத்ததையும் பிரித்து எழுதி 1834இல் நூலாக்கினார். மேற்கை அளந்து பார்த்த கண் அது. டொயின்பியின் சட்டகத்தில் அத்தகைய கண்ணுக்கு இடம் போதாது.

இது எங்கோ எகிப்தில் நடந்த சமாச்சாரமும் அல்ல. விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பிரித்தானியரை எதிர்த்துத் தோற்ற அஹ்மத் உராபி பாஷா 1883 ஜனவரியில் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டு வந்தார். 1901 வரை இந்த மண்ணில் இருந்தார். சித்தி லெப்பையோடு சேர்ந்து முஸ்லிம் கல்விக்காக அவர் பட்ட பாட்டின் ஒரு பலன் 1892இல் தொடங்கிய பாடசாலை, இன்றைய ஸாஹிரா. மேற்கு தோற்கடித்து அனுப்பிய மனிதரும், அவரோடு கூட நின்ற கண்டிச் சட்டத்தரணியும், நவீன கல்வியில் எது வேண்டும், எது வேண்டாம் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பேச்சாளர்கள் நமக்குள்ளேயே இருந்தார்கள்.

அதே ரீத் தொடரின் மேடையில் 1979இல் மொம்பாசாவில் பிறந்த முஸ்லிம் அறிஞர் அலி மஸ்ரூயி ஏறினார். ஆபிரிக்காவுக்கு என்ன செய்யப்பட்டது என்பதோடு அவர் நிற்கவில்லை, ஆபிரிக்கா என்ன செய்ய வேண்டும் என்றும் பேசினார். வல்லரசுகளின் ஏகபோகத்தை உடைக்க ஆபிரிக்காவும் அணுவாயுதத்தை நாட வேண்டும் என்ற அளவுக்குப் போனார். அதை நான் ஏற்கவில்லை, படித்தபோது திடுக்கிட்டேன். ஆனாலும் முடிவெடுக்கும் ஒருவரின் குரல் அது. அதோடு வாதாடலாம்.

1993இல் எட்வர்ட் ஸஈத் வந்தார். சிறுவயதில் அரபுலகில் இருந்தபடி டொயின்பியின் உரைகளை வானொலியில் கேட்ட ஞாபகத்தை அவரே பதிவுசெய்திருக்கிறார். பலஸ்தீனப் போராட்டக்காரரை ஏன் கூப்பிட்டீர்கள் என்று பிரித்தானியப் பத்திரிகைகளில் எதிர்ப்புக் கிளம்பியது. அவர் எடுத்துக்கொண்ட தலைப்போ அறிவுஜீவியின் கடமை. அதிகாரத்தின் முகத்துக்கு நேரே உண்மை சொல்வதைப் பற்றிப் பேசியவர், சொந்தத் தேசத்துக்கும் மரபுக்கும் அதில் விலக்குக் கொடுக்கவில்லை.

நம்மட மேடைகளில் டொயின்பி அடிக்கடி வருகிறார். மஸ்ரூயியின் பெயரை எடுப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறவரின் பேச்சைக் கேட்பது சுகமாக இருக்கிறது, நம்மோடு வாதாடக்கூடியவரின் பேச்சு அப்படி இல்லை.