பூனைமீசைக் கஷாயமும் எலியின் சிறுநீரும்

நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழர்க்கு மூலிகை புதிதன்று. கீழாநெல்லியும் மூக்கிரட்டையும் ஊரிலிருந்தே உடன்வந்த அறிவு. பூனைமீசையோ மலாய் அண்டை வீட்டாரிடம் கற்றது. போர்ட்டிக்சன், ரந்தாவ், லாபு வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்தை விட்டுத் தாமான்களில் குடியேறியவர் பலர். ஆயினும், நீண்ட வெண்கேசரங்களோடு பூக்கும் அச்செடி தொட்டியிலேறியேனும் அவர்களுடன் சென்றிருக்கிறது. நீர் கடுத்தாலும் கால் வீங்கினாலும் அடுப்பில் ஏறுவது அதன் கஷாயமே.

இவ்வழக்கத்தை அறிவியல் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது வரவேற்கத் தக்கது. செர்டாங்கிலுள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத் தக்கது. சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்தால் எலிகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, பூனைமீசைச் சாறு புகட்டி, சிறுநீரில் கழியும் நுண்சேர்மங்களை அணுக்காந்த ஒத்ததிர்வு முறையால் ஒருசேர அளந்தனர். சிறுநீரக நுண்குழல் பழுதுற்றால், உடல் மீட்டுக்கொள்ள வேண்டிய சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வீணே ஒழுகிவிடும். வளர்சிதை மாற்றம் எங்கே பிறழ்ந்தது, எவ்வளவு திரும்பிற்று என்பதை இம்முறை காட்டவல்லது. பச்சிலை கேட்டைத் தணித்தது என்பது ஆய்வின் முடிவு.

எனினும், இத்தகைய அளவீடுகளில் எல்லாச் சேர்மமும் ஒரே பொருளை உரைப்பதில்லை. ஹிப்பூரிக் அமிலம் ஓர் எடுத்துக்காட்டு. வெறும் தேநீர் குடித்தவர் சிறுநீரிலும் அது மிகும். இலைச் சத்துகளைக் குடல் நுண்ணுயிர்கள் சிதைப்பதால் விளைவது அது. பூனைமீசையிலோ அவ்வினத்தைச் சேர்ந்த ரோஸ்மாரினிக் அமிலம் நிறைய உண்டு. எனவே அது கூடினால், தேறியது சிறுநீரகமா, குடித்த இலையே உருமாறி வெளிப்போந்ததா? நோயற்ற எலிக்கும் அதே சாற்றைக் கொடுத்து ஒப்பிட்டாலன்றி இதைப் பிரித்தறிய இயலாது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. சிஸ்பிளாட்டின் சில நாட்களில் கெடுக்கும் நஞ்சு. தோட்டத்து முதியவரின் சிறுநீரகமோ நீரிழிவாலும் இரத்த அழுத்தத்தாலும் ஆண்டுக்கணக்கில் தழும்பேறிச் சுருங்குவது. மலேசியாவில் நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளோர் 2011இல் நூற்றுக்கு 9 பேர். 2018இல் 15 பேருக்கு மேல். அந்நோயுற்றோருள் தமக்கு நோயுண்டென அறிந்தவரோ நூற்றுக்கு ஐவரே! கஷாயம் குடிப்பவருள் எத்தனை பேர் தம் சிறுநீரகம் பாதி அழிந்ததை அறியாமலே குடிக்கின்றனரோ!

அறியாமையின் ஆபத்து பொட்டாசியத்தில் இருக்கிறது. பூனைமீசை இலையில் அது மிகுதி. நல்ல சிறுநீரகம் அதை எளிதில் வெளியேற்றிவிடும். சோர்ந்த சிறுநீரகம் தேக்கிவைக்கும். தேங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மலாய்க்காரர் மெங்குடு என்னும் நுணா இனத்தின் பழச்சாற்றால் ஒரு சிறுநீரக நோயாளிக்கு இவ்வாறு பொட்டாசியம் ஏறியதை அமெரிக்க மருத்துவர் 2000இல் பதிவு செய்தனர். அவர் உணவில் பொட்டாசியத்தைக் குறைத்தே உண்டுவந்தவர். சாற்றை அளந்தபோது ஆரஞ்சுச் சாற்றில் உள்ள அளவே அதிலும் இருந்தது.

சில மூலிகைகள் நேரே சிறுநீரகத்தையே தின்பவை. பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை உண்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது 1993இல் வெளியாயிற்று. அரிஸ்டோலோக்கியா இனச் செடி தவறுதலாகக் கலந்திருந்தது. தமிழ் மருத்துவத்தின் ஆடுதீண்டாப்பாளை அதே இனம். பச்சிலை என்றாலே தீங்கற்றது என்பார் இதனைக் கருதுவாராக.

மருத்துவர் வைவாரென்று கஷாயத்தை மறைக்கும் நோயாளியும், கேளாமலே மாத்திரை எழுதும் மருத்துவரும் உள்ள இடத்தில் எலியின் சிறுநீர் மட்டும் எவ்வளவு உதவும்? சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு வரும் முதியவர் எத்தனை இலையை எத்தனை குவளை நீரில் எவ்வளவு நேரம் காய்ச்சுகிறார், அன்றைய இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று எழுதிவைக்க அரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆய்வு அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.