பன்னிரு நுண்சுரப் பயிற்சிகள்

பன்னிரு நுண்சுரப் பயிற்சிகள் (1980) அமெரிக்க இசையமைப்பாளர் ஈஸ்லி பிளாக்வுட் மின்னணு இசைக்கருவிக்காக எழுதிய பன்னிரண்டு சிறு படைப்புகளின் தொகுப்பு. ஒரு ஸ்தாயியை 13 முதல் 24 வரையிலான சம பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு படைப்பு என்ற முறையில் அமைந்தது. நுண்சுர இசையின் வரலாற்றில் ஆய்வும் படைப்பும் ஒன்றாக நிகழ்ந்த முக்கியமான முயற்சிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பின்னணி

ஈஸ்லி பிளாக்வுட் (1933-2023) இண்டியானாபொலிஸில் பிறந்தவர். ஒலிவியே மெஸ்ஸியான், பால் ஹிண்டமித், நாடியா பூலாஞ்சே ஆகியோரிடம் பயின்றார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பேராசிரியராகப் பணியாற்றினார். சமச் சுர அமைப்புகள் பற்றிய ஆய்வுக்கு அமெரிக்க அரசின் மானுடவியல் கல்விக்கான நிதி கிடைத்தது. அதன் விளைவே இப்பயிற்சிகள். பாலிஃபியூஷன் என்னும் சிந்தசைசரில் அவரே வாசித்து ஒலிப்பதிவு செய்தார். இத்துறையில் அவருடைய கோட்பாட்டு நூல் 1985ல் வெளிவந்தது.

அமைப்பு

பியானோவில் ஒரு ஸ்தாயி 12 சம பாகங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஸ்தாயியின் மொத்த அளவு 1200 சென்ட். ஆகவே அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட் தூரம். இயற்கையான பஞ்சமம் ஸட்ஜத்திலிருந்து ஏறத்தாழ 702 சென்டில் உள்ளது. பியானோவின் பஞ்சமம் 700 சென்ட். இந்த இரண்டு சென்ட் வேறுபாட்டைக் காது பொருட்படுத்துவதில்லை. பாகங்களின் எண்ணிக்கையை மாற்றினால் பஞ்சமமும் காந்தாரமும் இடம் மாறுகின்றன. சில அமைப்புகளில் இல்லாமலேயே போகின்றன.

13 பாக அமைப்பு பியானோவை விட ஒரே ஒரு ஸ்வரம் கூடுதலானது. ஆனால் அதில் பஞ்சமம் இல்லை. அருகிலுள்ள ஸ்வரங்கள் 646, 738 சென்டில் விழுகின்றன. 17 பாக அமைப்பில் பஞ்சமம் 706 சென்ட், கேட்க இனியது. ஆனால் அந்தர காந்தாரம் இயற்கையான 386 சென்டிலிருந்து விலகி 424 சென்டுக்குச் சென்றுவிடுகிறது. 19 பாக அமைப்பில் பஞ்சமம் சற்று தாழ்ந்தது, 695 சென்ட். ஆனால் சாதாரண காந்தாரம் இயற்கையான அளவுடன் ஏறத்தாழ முற்றிலும் பொருந்துகிறது.

பிளாக்வுட் ஒவ்வொரு அமைப்பையும் ஒரே கேள்வியுடன் அணுகினார். இதில் கார்டுகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்து, விலகி, வீடு திரும்பும் இசை இயலுமா? அவருடைய கண்டடைதல்களில் சிறந்தது 15 பாக அமைப்பில் உள்ளது. அங்கே பஞ்சமம் 720 சென்ட். ஐந்து முறை பஞ்சமம் ஏறினால் தொடங்கிய ஸ்வரத்துக்கே திரும்பலாம். இரண்டு பாகம், ஒரு பாகம் என மாறிமாறி அடுக்கினால் பத்து ஸ்வர வரிசை கிடைக்கும். அந்தப் பத்து ஸ்வரங்களின் மீதும் ஒரு கார்டு எழும். அவற்றில் ஐந்து மேஜர், ஐந்து மைனர். பியானோவில் இதற்கு இணை இல்லை. பின்னர் இதே அமைப்பில், சிறப்பாகக் கட்டை பொருத்திய கித்தாருக்காக அவர் ஒரு தொகுப்பு எழுதினார். பயிற்சிகளும் கித்தார் தொகுப்பும் 1994ல் குறுந்தகடாக வெளிவந்தன.

சுருதிகளுடன் ஒப்பீடு

22, 24 என்னும் எண்கள் தமிழ் வாசகருக்குப் பழக்கமானவை. ஆனால் இந்திய மரபின் 22 சுருதிகள் சம அளவு கொண்டவை அல்ல என்பதே பரவலான விளக்கம். பிளாக்வுட்டின் 22 சம பாகங்கள் அவற்றுடன் எண்ணால் மட்டுமே ஒத்தவை. ஸ்தாயியில் 24 சம சுருதிகள் உண்டு என ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரம் (1917) நூலில் வாதிட்டார். அளவில் இது பிளாக்வுட்டின் 24 பாகங்களேதான். நோக்கம் வேறு. பண்டிதர் தமிழிசையில் ஏற்கனவே உள்ளதன் கணக்கை நிறுவ முயன்றார். பிளாக்வுட் எங்கும் இல்லாத இசைக்கான கணக்கிலிருந்து தொடங்கினார்.

மதிப்பீடு

இத்தொகுப்பின் மீது வைக்கத்தக்க முதன்மையான விமர்சனம், புதிய ஸ்வரங்களைப் பழைய இசையைப் பேசவைத்தார் என்பது. வாக்கியங்களின் நீளம், முடிவுகள், தாளநடை ஆகியவை ஐரோப்பிய மரபிசையை நினைவூட்டுகின்றன. ஹாரி பார்ட்ச் (1901-1974) சென்ற வழி இதற்கு நேர் எதிரானது. அவர் சம பாகங்களையே மறுத்து, இயற்கை விகிதங்களிலிருந்து 43 ஸ்வரங்களை எடுத்துக்கொண்டார். அவற்றுக்கான கருவிகளையும் தானே செய்தார். அவ்விசையில் பேச்சும் நாடகமும் சடங்கும் கலந்தன. பார்ட்ச் ஓர் உலகைப் படைத்தார், பிளாக்வுட் ஒரு வரைபடத்தை மட்டுமே அளித்தார் எனலாம்.

இரண்டாவது குறை ஒலிநிறம் சார்ந்தது. ஓர் இடைவெளி இனிக்குமா உறுத்துமா என்பது, அதை ஒலிக்கும் கருவியின் மேற்சுரங்களையும் பொறுத்தது. பின்னாளில் வில்லியம் செத்தாரஸ் அந்தந்த ஸ்வர அமைப்புக்கு ஏற்ப மேற்சுரங்களை மாற்றியமைக்கும் வழிகளை விரிவாக ஆராய்ந்தார். பிளாக்வுட்டின் சிந்தசைசர் ஒலி இன்று வறண்டதாகவும் காலம் கடந்ததாகவும் கேட்கிறது. 13 பாகப் பயிற்சியின் உறுத்தலில் ஒரு பங்கு கருவிக்கும் உரியது.

ஆனால் முதல் விமர்சனம் முழுமையானதல்ல. விசித்திரமான ஸ்வரங்களில் விசித்திரமான இசையை எழுதினால் எது திட்டம், எது தற்செயல் என்று கேட்பவரால் பிரித்தறிய முடியாது. பழகிய வடிவத்தை மாறாமல் வைத்ததால்தான் 15 பாகத்தின் சுழற்சியும் 17 பாகத்தின் கூர்மையும் துலங்குகின்றன. ஒரே மேடையில் பன்னிரண்டு ஒலியுலகங்களை ஒப்பிட்டுக் கேட்கும் வாய்ப்பு அப்படித்தான் அமைந்தது.

இன்று கணினியில் ஓர் எண்ணைத் தட்டினால் எந்த ஸ்வர அமைப்பும் கிடைக்கும். ஸ்வரங்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலே இசை புதிதாகிவிடும் என்னும் எண்ணத்துக்கு இப்படைப்பு மறுப்பு. ஓர் அமைப்பில் எது இயலும், எது இயலாது என்று பொறுமையாகக் கேட்டறிந்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது. பன்னிரண்டும் ஒரே தரத்தவை அல்ல. சில, பயிற்சி என்ற பெயருக்கு மேல் எழவில்லை. 15, 19 பாகப் படைப்புகள் கணக்கை மறக்கச்செய்து இசையாகவே நிற்கின்றன.