படிவம், வம்சம், மண்: பாஸ்போர்ட்டை வாசித்தல்

பாஸ்போர்ட் என்றதும் நாம் பேசத் தொடங்குவது போலீஸ் விசாரணை, கைக்காசு, தரகர் பற்றித்தான். அதெல்லாம் இருக்கிறது, இல்லாமலில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தை ஒரு பிரதியாக எடுத்துவைத்துக்கொண்டு வாசிப்பது அரிது. இந்தியாவில் பிறப்புப் பதிவுக்கு ஒரு சட்டம் (1969), குடியுரிமைக்கு ஒரு சட்டம் (1955), குடும்பத்துக்கு மதவாரியாகப் பல சட்டங்கள். தனித்தனியாகக் கிடக்கும் இவையெல்லாம் ஒன்று கூடும் இடம் இந்தப் படிவம். கூடிய இடத்தில் முதலில் எழும் கேள்வி, நம்மூர் டீக்கடையில் புதிதாக வந்தவனிடம் கேட்கும் அதே கேள்விதான்: "நீ யாரு மகன்?"

2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியது. தாய், தகப்பன் இருவரில் ஒருவர் பெயர் போதும். மணவிலக்குப் பெற்றவள் பழைய கணவன் பெயரை எழுதவேண்டியதில்லை. திருமணச் சான்றிதழ் வேண்டாம். இதைப் பெண்கள் கொண்டாடினார்கள், கொண்டாடியது சரிதான். 1956ஆம் வருடத்து இந்து இளவர் காப்பாளர் சட்டம், குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், 'அவருக்குப் பின்' தாய் என்று எழுதிவைத்தது. அந்தப் 'பின்' என்பதற்கு அவர் செத்த பின் என்று மட்டுமே பொருளா, அவர் கவனிக்காமல் கைவிட்ட நிலைக்கும் பொருந்துமா என்று உச்சநீதிமன்றம் தெளிவாக்க, கீதா ஹரிஹரன் வழக்கில், 1999 ஆயிற்று. மணமாகாத தாய் தகப்பனை அடையாளம் காட்டாமலே காப்பாளராகலாம், அவளுடைய பிரமாணப் பத்திரமே பிறப்புச் சான்றிதழுக்குப் போதும் என்ற தீர்ப்பு வர 2015. ஒற்றைச் சொல்லோடு மல்லுக்கட்டவே இத்தனை வருடம்.

அதே 2016 அறிவிப்பில் இன்னொரு வரி உண்டு. சாதுக்களும் சந்நியாசிகளும் பெற்றோர் பெயருக்குப் பதிலாகக் குருவின் பெயரை எழுதலாம். ஏதாவது ஒரு அரசு ஆவணத்தில் பெற்றோர் இடத்தில் குருவின் பெயர் ஏற்கனவே பதிவாகியிருந்தால் போதும். எனக்கு அந்த அறிவிப்பிலேயே சுவாரசியமான வரி இதுதான். தகப்பன் என்பது ரத்தம் சார்ந்த உண்மையல்ல, பதிவேட்டில் நிரப்பவேண்டிய ஒரு காலியிடம், அதில் மடத்துச் சாமியாரும் உட்காரலாம் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. யாருக்காக ஒப்புக்கொள்கிறது என்பதுதான் விஷயம்.

தமிழ்நாட்டுக்காரனுக்கு இதில் தனியாக ஒரு தலைவலி. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை உதறச் சொன்னது, உதறினோம். பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல் நின்றது. பாஸ்போர்ட்டோ இனிஷியலை ஏற்பதில்லை, விரித்து எழுது என்கிறது. 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் வேறு எதை எழுதுவது, தகப்பன் பெயரைத்தான். விளைவு, விமான நிலையத்தில் செல்வியை "மிஸ்டர் முருகேசன்" என்று கூப்பிடுகிறார்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால்? 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவரை விடமாட்டோம் என்றது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் பரவாயில்லை என்றது. சாதி காலிசெய்த நாற்காலியில் தகப்பன் வசதியாக உட்கார்ந்துகொண்டான். இதைச் சொன்னால் பகுத்தறிவு நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

படிவம் இளகிக்கொண்டிருந்த காலத்தில் குடியுரிமைச் சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது? வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு 1992 வரை தகப்பன் இந்தியனாக இருந்தால்தான் வம்சாவளிக் குடியுரிமை; 1992 திருத்தம் தாயையும் சேர்த்தது. இது முன்னேற்றம். இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் விஷயத்தில் நடந்தது நேரெதிர். 1950 ஜனவரி 26 முதல் இங்கே பிறந்தாலே போதும் (தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர). 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது: ஒருவர் இந்தியர், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவர். மண் பின்னுக்குப் போய் ரத்தம் முன்னுக்கு வந்த கதை இந்த மூன்று தேதிகளில் இருக்கிறது. 1983க்குப் பின் மண்டபத்தில் படகுகள் கரையேறிக்கொண்டிருந்த காலத்தில்தான் முதல் கோடு கிழிக்கப்பட்டது என்பதை நாம் சேர்த்து வாசிக்கவேண்டும்.

1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, பெற்றோர் இலங்கைக்காரர் என்று சொல்லிப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, 1987க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள் என்று சொல்லிப் பாஸ்போர்ட் தர உத்தரவிட்டது. சட்டம் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. அவரிடம் முப்பத்தாறு வருடமாக இருந்ததை இருக்கிறது என்றது, அவ்வளவே. அதே முகாமில் 1987 ஜூலை 2ஆம் தேதி பிறந்த தம்பிக்கு அந்தத் தீர்ப்பு ஒன்றுமில்லை. குரு இருந்திருந்தால் ஏதாவது செய்திருப்பாரோ என்னவோ.

இதைவிடச் சிக்கலானது முகாமுக்கு வெளியே நடக்கும் கல்யாணங்கள். திருவண்ணாமலைப் பக்கத்து இந்தியப் பெண் ஒருத்தி முகாம் பையனைக் கட்டிக்கொள்கிறாள், 2006இல் பிள்ளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழ் உண்டு, தாய் வாக்காளர், பிள்ளை படித்தது இங்கத்துப் பள்ளி. 2016 விதிப்படி தாயின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் மேசைக்கு அந்தப்புறம் 2003 திருத்தச் சட்டம் காத்திருக்கிறது: "சரிம்மா, மத்தவரு எப்படி வந்தாரு? விசாவிலயா, படகிலயா?" படிவத்திலிருந்து வெளியேறிய தகப்பன் சட்டத்தின் கொல்லைப்புற வழியாகத் திரும்பி வருகிறான். தாயின் பெயர் போதும் என்ற வெற்றி, தாயோடு சேர்ந்தவன் கடல் தாண்டி வந்தவன் என்றால் பல்லிளிக்கிறது. தாயே படகில் வந்தவள் என்றாலும் கதி இதுதான்.

2019 குடியுரிமைத் திருத்தத்தின் பட்டியலில் இலங்கை இல்லை. 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. 2025இல் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்கு ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்குத் தந்தது. விலக்கு தண்டனைக்குத்தான். 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பொதுநலன் கருதிக் குடிமகன் அல்லாதவருக்கும் பாஸ்போர்ட் தரலாம் என்று அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்தப் பிரிவை முகாம்காரர்களுக்காக எடுத்துப் பேசும் மனு எதையும் நமது இயக்கங்களின் மேசையில் நான் பார்த்ததில்லை.