ஸலாஹ் பாட்டும் ஓர் 'ஆல்' விகுதியும்

நம்மட பிள்ளைகள் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு காட்சி. 2018 பெப்ரவரியில் போர்த்தோ கழகத்தை லிவர்பூல் 5-0 என்று வென்ற கையோடு, அந்த ஆங்கிலேய ரசிகர்கள் முஹம்மத் ஸலாஹ்வைப் பற்றிப் பாடிய பாட்டு உலகமெல்லாம் பரவிற்று. இன்னும் சில கோல்கள் விழுமானால் தானும் முஸ்லிமாகிவிடுவதாகவும் பள்ளிவாசலில் போய் உட்காரப் போவதாகவும் பாடுபவன் சொல்கிறான். "பாத்தீங்களா சேர், வெள்ளக்காரன் இஸ்லாத்துக்கு வாறான்" என்று வகுப்பில் ஒரு பொடியன் மகிழ்ந்தான். "இது மார்க்கத்தைக் கேலி பண்ணுற" என்று முகம் சுளித்த பெரியவர்களும் உண்டு.

இரண்டு தரப்பாரும் பாட்டைச் சரியாக வாசிக்கவில்லை என்பது என் எண்ணம்.

மெட்டு இரவல். 1996இல் டொட்ஜி என்ற இசைக்குழு பாடி, பிரித்தானியத் தரவரிசையில் நாலாம் இடம்வரை ஏறிய 'குட் இனஃப்' பாட்டின் மெட்டு அது. இரவல் மெட்டில் எமக்கு வியப்பில்லை. பாட்டுக்கு மேலே 'இன்ன பாட்டின் மெட்டு' என்று அச்சிட்ட சிறு புத்தகங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். கவனிக்க வேண்டியது, இரவல் வாங்கிய மெட்டு உற்சாகமான, இலேசான ஒன்று என்பதுதான். பகையைப் பாட அது ஒத்துவராது.

இனி இலக்கணம். பாட்டு முழுதும் 'ஆல்' விகுதியில் தொங்குகிறது: அடித்தால், விழுந்தால். ஈமான் நிபந்தனை எச்சத்தில் வருவதில்லை. ஆகவே இது கலிமா அல்ல, உயர்வு நவிற்சி. அந்தப் பருவத்தில் ஸலாஹ் லீக்கில் மட்டும் 32 கோல் அடித்தார். 38 ஆட்டப் பருவத்துக்கு அன்று அது சாதனை. கணக்குப்படி பார்த்தால் மைதானமே மதம் மாறியிருக்க வேணும்!

அப்படியானால் வெறும் பகிடியா? இல்லை. 2007இல் இன்னொரு எகிப்தியரான மிடோ, மிடில்ஸ்பரோவுக்காக ஆடியபோது, நியூகாசில் ரசிகர்கள் அவருடைய மார்க்கத்தை இழித்துக் கத்தினார்கள். அவர் கோல் அடித்து, வாயில் விரல் வைத்து அவர்களை அடக்கிக் காட்ட, மஞ்சள் அட்டை கிடைத்தது அவருக்குத்தான். 2019இல் பிராக் நகரில் செல்சி ரசிகர் சிலர் ஸலாஹ்வையே குண்டு வைப்பவராக்கிப் பாடினர். அந்தப் பாட்டுகளில் முஸ்லிம் என்றால் வெடிகுண்டு. லிவர்பூல்காரரின் பாட்டில் பள்ளிவாசல் என்றால் உட்காரும் இடம். 'உட்கார' என்ற அந்தச் சாதாரண வினைதான் பாட்டின் உயிர் என்பேன். பயமில்லாத இடத்தில்தானே மனிசன் உட்காருவான்.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் 'அமெரிக்கன் பொலிட்டிக்கல் சயன்ஸ் ரிவியூ' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஸலாஹ் வந்த பின் மேர்சிசைட் பகுதியில் வெறுப்புக் குற்றங்கள், அவர் வராதிருந்தால் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட 16 வீதம் குறைந்தன. லிவர்பூல் ரசிகர்களின் முஸ்லிம் விரோத டுவீட்டுகள், ஏனைய பெரிய கழக ரசிகர்களோடு ஒப்பிடுகையில், பாதியாயின.

ஆனாலும் அந்த 'ஆல்' விகுதி என்னை விட்டபாடில்லை. கோல் அடிக்காத முஸ்லிமுக்கு, அதே ஊரில் டக்ஸி ஓட்டுபவருக்கு, யாரும் மெட்டுத் தேடுவதில்லை.