சுவரில் ஒரு படம்

1999 முதல் இம்ராலித் தீவுச் சிறையிலிருந்த அப்துல்லா ஓஜலான், முர்ரே புக்சினைப் படித்துவிட்டு, 2005இல் தனிநாடு வேண்டாம், ஜனநாயகக் கூட்டமைப்புப் போதும் என்றார். அரசே நோயென்றால் குர்துகளுக்கு மட்டும் இன்னோர் அரசு எதற்கு? கேள்வியின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ரோஜாவாவின் 2014 சமூக ஒப்பந்தத்தில் அது சட்ட வாசகமாகவும் ஆயிற்று: மரண தண்டனை இல்லை, மன்றங்களில் இருபாலாருக்கும் குறைந்தது 40 சதவீதம். இவ்வளவும் யுத்தத்தின் நடுவே. இதைக் கேலி செய்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் மையமே கூடாதென்ற அந்தச் சபைகளின் சுவர்களில் ஒரே மனிதரின் படம். கீழிருந்து எழவேண்டிய அதிகாரத்துக்கு மேலிருந்து வந்த பிரதி. ஆதரவாளர்கள் பலர் இதைப் பேசுவதில்லை. படத்தைக் கழற்றலாமா என்று எந்தக் கம்யூனிலாவது விவாதம் நடந்ததா? எனக்கு அது தெரியவேண்டும்.